கறுப்பு மிட்டாய், வெள்ளை மிட்டாய்

ஹார்லிங்கன்
மார்ச் 29, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பௌக்யா அக்காவுக்கு,

தம்பி ரெய்ண்டர் எழுதுவது. அம்மா சாப்பிட்டுவிட்டு ஜன்னலோர நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன், விழித்தால் என்ன எழுதுகிறாய் என்று கேட்பாள். அங்கே நியூசிலாந்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாத ஆரம்பத்தில் நான் போட்ட கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாகிறது, மே முதல் தேதி அம்மாவைச் சேர்த்துவிடலாம், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும், நீயும் சரி என்று ஒரு வரி எழுது என்று கேட்டிருந்தேன். "பிள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து போன்னு சொன்னா போறேன். ஒருத்தர் பேச்சைக் கேட்டுப் போகமாட்டேன்" என்று அம்மா சொன்னதையும் எழுதியிருந்தேன். அக்கா, அந்த ஒரு வரியை எழுதாதே. ஏற்கெனவே எழுதித் தபாலில் போட்டிருந்தால், அதைப் பிரிக்காமலே கிழித்துப்போட்டுவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை காற்றைப் பற்றிப் பேசினோம். இரண்டாம் தடவை மழையைப் பற்றிப் பேசினோம். நம் வீட்டு ஆட்களுக்கு வாயைத் திறந்தால் வானிலைதான் வரும், உனக்குத் தெரியாததா?

அந்தக் கடிதத்தில், அம்மா திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறாள் என்று எழுதியிருந்தேன். எழுதிய கையை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா ஒரு சொட்டுகூடத் திருடிக் குடிக்கவில்லை. தப்பு செய்தவன் நான்.

அக்டோபரில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிவந்தபோது என்னென்ன சொல்லி அனுப்பினார்கள் என்று அப்போதே உனக்கு எழுதினேன். இதயம் தளர்ந்துவிட்டது, இனி பழையபடி ஆகாது, பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். உப்பு கூடாது. காப்பி, சூப், மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் உள்ளே போகக்கூடாது. தினமும் காலையில் எடை பார்க்கவேண்டும், எடை ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். நான் படகு வந்தால் பாலத்தைத் தூக்கி வழிவிடுகிற வேலை பார்க்கிறவன். எந்தப் படகு எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்று முப்பது வருஷமாகக் குறித்துக் குறித்துக் கை பழகியவன். ஒரு நோட்டு வாங்கி ஃபிரிட்ஜில் கட்டித் தொங்கவிட்டேன். அம்மாவின் கோப்பையில் பேனாவால் கோடு போட்டேன். பட்டாணி சூப்பில் உப்பும் இல்லை, சாசேஜும் இல்லை. உப்பில்லாத சீஸைக் கடித்துப் பார்த்துவிட்டு அவள், "மெழுகுவத்தியைத் துண்டு போட்டு வச்சிருக்கியாடா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

தண்ணீர் குறைந்ததும் அவளுக்கு வாய் காய ஆரம்பித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்றாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எதையாவது வாயில் போட்டுச் சப்பினால் எச்சில் ஊறுமே என்று அதிமதுர மிட்டாய் வாங்கிவந்தேன். அதுதான், அப்பா சட்டைப்பையில் எப்போதும் வைத்திருப்பாரே, அந்தக் கறுப்பு மிட்டாய். அப்பாவுடையது உப்பு வகை. நான் கெட்டிக்காரன் அல்லவா? உப்பு வகையைத் தொடவே இல்லை. சந்தைக் கடைக்காரியிடம், "உப்பு ஒரு துளிகூட இல்லாததா குடுங்க, எங்கம்மாவுக்கு உப்பு ஆகாது" என்று சொல்லி, இனிப்பு வகையாகப் பார்த்து வாங்கினேன். சனிக்கிழமைதோறும் ஒரு பெரிய பொட்டலம். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாடியை நிரப்பி வைப்பேன். அவள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நோட்டில் ரொட்டித்துண்டு எத்தனை என்று எழுதினேன், உருளைக்கிழங்கு எத்தனை என்று எழுதினேன். மிட்டாயை எழுதவில்லை. நம் ஊரில் யார் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்? மூச்சு விட்டேன் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

கிறிஸ்துமஸுக்குள் மூன்று கிலோ ஏறியது. டாக்டர் நீர் பிரிவதற்கான மாத்திரையைக் கூட்டினார். கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். கணுக்கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. காலையில் வீக்கத்துக்கான இறுக்கமான காலுறை மாட்டிவிட வருகிற நர்ஸ் நின்கே, "அத்தே, உங்க காலுக்குக் காலுறை மாட்டுறதுக்குள்ள எனக்குப் பசிச்சுடுது" என்று கேலி செய்வாள். அம்மா அதற்கும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒடுங்கிக்கொண்டே வந்தாள். காலில் குரக்கு இழுத்தது, கையில் பலமில்லை. பிப்ரவரியில் சமையலறையில் விழுந்தாளே, அதைப் போனில் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. விழுந்த மறுநாள் எடை இன்னும் அரைக் கிலோ கூடியிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. எல்லாம் அளந்துதானே கொடுக்கிறேன், பிறகு எங்கிருந்து ஏறுகிறது? அவள் முன்னால் நின்று, "எனக்குத் தெரியாம தண்ணி குடிக்கிறியாம்மா? நான் கிடந்து சாகிறேன், நீ என்னை ஏமாத்துறியா?" என்று கத்தினேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதோடு விட்டேனா? குளியலறையில் இருந்த தம்ளரை எடுத்து ஒளித்தேன். மேஜைமேல் இருந்த துலிப் பூ ஜாடியைக்கூட எடுத்துப் பின்கட்டில் வைத்தேன், அக்கா. பூவுக்கு ஊற்றின தண்ணீரைக் குடிப்பாள் என்று பெற்ற தாயைச் சந்தேகப்பட்டேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

போன பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனோம். நம் கிழட்டு டாக்டர் விடுப்பில் போயிருக்க, அவருக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, பொட்டாசியம் இவ்வளவு குறைந்திருக்கிறதே என்று புருவத்தைச் சுருக்கினாள். அப்போது அம்மாவுக்கு இருமல் வந்தது. நான் வழக்கம்போலக் கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தேன். டாக்டர் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன அது?" என்று கேட்டாள். நான் பெருமையாக, "இனிப்பு வகைதான் டாக்டர். உப்பு கிடையவே கிடையாது, விசாரிச்சுத்தான் வாங்குறேன்" என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவனுக்கு அது மட்டும் தெரியவில்லை. வாரத்துக்கு எவ்வளவு வாங்குகிறேன் என்று சொன்னேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம். மெதுவாக எடுத்துச் சொன்னாள். கெடுதி உப்பில் இல்லையாம், அந்த வேரிலேயே இருக்கிறதாம். உடம்பில் நீரைப் பிடித்துவைக்குமாம், ரத்த அழுத்தத்தை ஏற்றுமாம். பொட்டாசியத்தை வெளியே தள்ளுமாம், அந்த மாத்திரையும் அதையே செய்யுமாம். அம்மா மாதிரி இதயம் உள்ளவர்களுக்கு ஆளையே கொண்டுபோய்விடும் என்றாள்.

பிறகு பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, "நவம்பர்லயே கேட்டிருக்காங்களே. அதிமதுர மிட்டாய் சாப்பிடுறது உண்டான்னு கேட்டதுக்கு, இல்லைன்னு சொன்னதா எழுதியிருக்கு" என்றாள். அன்றைக்கு நான் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன், அம்மா தனியாகத்தான் உள்ளே போனாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தன் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறினோம். எனக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. "ஏம்மா பொய் சொன்னே?" என்று கேட்டேன். "அப்ப நாலஞ்சுதானே தின்னுட்டிருந்தேன், அதுல என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன். அப்புறம் கால் வீங்கினதும் சந்தேகம் வந்துச்சு. சொன்னா நீ இடிஞ்சுபோயிடுவியேடா. உனக்கு யாரு இருக்கா, உன்னைத் தேத்த?" என்றாள்.

"அப்ப நிறுத்தியிருக்கலாமே! எங்கிட்டே திட்டு வாங்கிட்டு எதுக்கும்மா தின்னே?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. "காப்பியை அளந்து குடுக்கிறே, சூப்பை அளந்து குடுக்கிறே, என்னையே நிக்கவச்சு அளக்கிறே. அந்த மிட்டாயை மட்டுந்தான் ரெய்ண்டர் நீ அளக்காம குடுத்தே."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன், அக்கா. ஐம்பத்தேழு வயது ஆம்பளை, பட்டப்பகலில், கார் நிறுத்துமிடத்தில். அம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்ணு சொல்லட்டா? எனக்கு அந்தக் கறுப்புச் சனியன் எப்பவுமே பிடிக்காது. உங்கப்பாதான் அதைத் தின்னுவாரு. எனக்குப் பெப்பர்மின்ட்தான்" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். உனக்கு இது முன்பே தெரியுமா? எனக்குத் தெரியாது. அவள் கூடவே இருக்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறேன், தெரியாது.

இன்றோடு பன்னிரண்டு நாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எடை மூன்று கிலோ இறங்கிவிட்டது. கணுக்காலில் எலும்பு தெரிகிறது. நின்கேவுக்குக் காலுறை ஒரே இழுப்பில் ஏறிவிடுகிறதாம், பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்கிறாள். இதயம் பழைய இதயம்தான், அது இளமையாகிவிடாது என்று டாக்டர் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள். இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, இந்தக் கோடையை நன்றாக அனுபவியுங்கள் என்று மட்டும் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தமோ, நீயே புரிந்துகொள்.

பாலத்தில் ஏப்ரலிலிருந்து முழுநாள் வேலை. ஆனால் இந்த வருஷம் அரை நாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். உல்லாசப் படகுக்காரர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும், அவர்களுக்கு என்ன அவசரம்? ஆக, அறை வேண்டாம். துலிப் ஜாடி மேஜைக்கு வந்துவிட்டது. கோப்பையில் போட்ட கோட்டையும் அழித்துவிட்டேன். அளவு அவளுக்கே தெரிகிறது, என்னைவிட ஒழுங்காக இருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, உருளைக்கிழங்கை எறக்கு, குழையுது" என்றாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு இன்றுதான் அவளுக்குச் செருப்பு நுழைந்தது. கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கிற நாள் ஆனதால் பாதிச் சபை தூங்கிவழிந்தது. போதகர் மட்டும் புத்துணர்ச்சியோடு இருந்தார். பிரசங்கம் ஆரம்பித்ததும் அம்மா கைப்பையைத் திறந்தாள். ஆரம்பத்தில் ஒரு பெப்பர்மின்ட், நடுவில் ஒன்று, போதகர் நிறுத்தாவிட்டால் மூன்றாவது. அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. சின்ன வயதில் நீ வரிசையின் ஓரத்தில் உட்காருவாய், நான் நடுவில். உன் மிட்டாய் என் கை வழியாகத்தான் வரவேண்டும். எத்தனை தடவை அது உன்னிடம் வந்து சேராமல் நடுவழியில் காணாமல் போயிருக்கிறது! மோசக்காரா என்று கோயில் என்றும் பாராமல் என்னைக் கிள்ளுவாய்.

இன்று எனக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு இன்னொன்றையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இது பௌக்யாவுக்கு. நீ தின்னுடாதே" என்று அந்தப் பழைய குரலில் கிசுகிசுத்தாள். அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை அக்கா, நீ எங்கே இருக்கிறாய் என்று நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் உன் ஊரில் இப்போது மணி என்ன என்று கேட்டாள்.

நீ வந்து ஆறு வருஷமாகிறது. அதுவும் அப்பாவின் அடக்கத்துக்குத்தான் வந்தாய். அம்மாவுக்கு அப்படி வராதே. அவள் நாற்காலியில் உட்கார்ந்து உன் தலைமயிரைப் பார்த்துக் குறை சொல்லும்போதே வா. விடுமுறை இல்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் எழுதவேண்டாம், அவை எனக்கும் தெரியும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லு. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும்.

உன் பங்கு மிட்டாய் என் கோட்டுப் பையில் இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன். இந்தத் தடவை தின்னவும் மாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொள்.

உன் தம்பி,
ரெய்ண்டர்