உள்ளங்கை அளவு ஜன்னல்

தொமொஹோன்
செப்டம்பர் 14, ஞாயிறு மத்தியானம்

என் அன்பு மகள் வெல்மாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதேபோல நீயும் ஜப்பானில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நீ பார்த்துக்கொள்ளும் அந்த முதியவர்களும் உன்னைப் படுத்தாமல், எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். லோகோன் எரிமலை இந்த மாதம் புகையை அடக்கிக்கொண்டு சும்மா இருக்கிறது, மழைதான் விடவில்லை, அப்பாவின் சாமந்தியில் பாதி காம்பு அழுகிப்போச்சு, மிச்சத்தை மனாடோ நகரத்திலிருந்து வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் பேரம் பேசாமல் வாங்கிப்போனார்கள். தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று கேட்பாய், என் முகத்தைப் பார்த்து உன் முகம் மாறும், நான் பாதியில் நிறுத்திவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன், இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே, ஆனால் உட்கார்ந்து படி.

போன கிறிஸ்துமஸுக்கு நீ லீவில் வந்தபோது எனக்கு அந்தப் பெரிய திரையை வாங்கி மாட்டிவிட்டுப் போனாய் அல்லவா. நான் நடத்துகிற பாடகர் குழுவுக்குப் பாட்டு எழுதும் புரோகிராமையும் புதிதாகப் போட்டு, ஒரு கிளிக்கில் திறக்கிற மாதிரி அதன் ஐகானைத் திரையின் நடுவிலேயே வைத்துக் கொடுத்தாய். நீ விமானம் ஏறின மறுநாள் தொட்டு அது தொல்லை. திறந்தால் புரோகிராமின் ஜன்னல் திரை முழுக்க விரிந்து நிற்கிறது. நான் அதன் மூலையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கை அளவுக்குச் சின்னதாக்கி, நடுவில் வைத்து வேலை செய்துவிட்டு மூடுவேன். மறுநாள் திறந்தால் மறுபடி முழுத்திரை. நான் மூடுகிற விதத்தில்தான் தப்பு என்று நினைத்தேன். பெருக்கல் குறியை அழுத்தி மூடினேன், ஒரு வாரம் மேலே உள்ள பட்டியலில் போய் மூடினேன், பாட்டைச் சேமித்துவிட்டு மூடினேன், சேமிக்காமல் மூடினேன், கம்ப்யூட்டரை அணைக்காமல் இரவெல்லாம் விட்டும் பார்த்தேன். எந்த நாள் எப்படி மூடினேன் என்று பழைய பாட்டுத்தாளின் பின்பக்கம் எழுதிக்கூட வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. போனில் உன்னிடம் ஒரு தடவை, இந்த ஜன்னலுக்குத் தன் அளவு ஞாபகம் இருக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னேன், நீ சிரித்துக்கொண்டே, பெரிசாகவே இருக்கட்டும் அம்மா, கண்ணுக்கு நல்லது என்றாய். அதற்குமேல் நான் ஏன் சின்னதாகக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு பார், அதில் தெரிகிற அளவுதான் எனக்குத் தெரிகிறது. தெரிகிற இடத்தில் எழுத்தெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஊசியில் நூல்கூடக் கோர்க்கிறேன், அதைச் சுற்றித்தான் ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய திரையில் ஒரு வரிக்குப் பன்னிரண்டு தாளக்கட்டம் நீளும், கடைசிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எந்த வரியில் இருந்தேன் என்பது தொலைந்துவிடும். மவுஸ் அம்பு எங்கே போனது என்று தேடியே கால் மணி நேரம் போகும், ஜன்னலைச் சின்னதாக்க அதன் மூலையைப் பிடிக்க வேண்டுமே, அந்த மூலையைக் கண்டுபிடிப்பதே பாடு. சின்னதாக்கிவிட்டால் வரிக்கு இரண்டே கட்டம், எல்லாம் என் கண்ணுக்குள் அடங்கிவிடும்.

நவம்பரில் மனாடோவில் பாடகர் குழுப் போட்டி இருக்கிறது, நாற்பது பேருக்கும் நான்தான் சுரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூலையில் ஒரு நாள் அலுத்துப்போய் முழுத்திரையிலேயே எழுதி முடித்து அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். கீழ்க்குரலில் பாடும் ஆல்டோப் பெண்களின் இரண்டாம் சரணத்துச் சுரத்தை மூன்றாம் சரணத்துக்கு அடியில் எழுதியிருக்கிறேன். ஒத்திகையில் அவர்கள் ஒரு பாட்டும் மற்றவர்கள் வேறொரு பாட்டும் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. ஆல்டோ வரிசைக்குத் தலைவி ஃபெம்மி, தேவாலயப் பொருளாளர் மனைவி, உனக்குத் தெரியுமே, தாளை மடித்து வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்: "டீச்சர், தெருவுல பாத்தா முகத்தைத் திருப்பிட்டுப் போறீங்க. சரி, பெரிய மனுஷின்னு விட்டோம். பாட்டுலயும் நாங்க கண்ணுக்குத் தெரியலையா?" அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள், அது உண்மை என்று அவளுக்குத் தெரியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுத்தவள், தாளைத் திருத்தித் தருகிறேன் என்று மட்டும் முனகிவிட்டு வந்தேன். இனி இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றுகூட அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஹெர்லியைக் கூப்பிட்டேன். பஸ் டெர்மினல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறானே, ஆண்களின் தெனர் வரிசையில் நின்று எப்போதும் அரைத் தாளம் முன்னால் ஓடுகிறவன், அவன்தான். இரண்டு தடவை வந்து, புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போட்டான், அதன் பழைய ஞாபகத்தையெல்லாம் துடைத்தான், அப்புறமும் அது முழுத்திரையில்தான் வந்து நின்றது. மூன்றாம் தடவை வந்தபோது அலுத்துக்கொண்டான். "ஊர்ல உள்ள பெருசுங்க எல்லாம் எழுத்தைப் பெருசாக்குடான்னு வருதுங்க. நீங்க ஒருத்தர்தான் டீச்சர் சின்னதாக்கச் சொல்லி உயிரை எடுக்கிறீங்க" என்றான். அப்படிச் சொல்லிக்கொண்டே, அவனுக்கு என்ன தோன்றியதோ, நீ வைத்துவிட்டுப் போன ஐகானைத் தொடாமல் கீழே உள்ள பட்டியலில் தேடி அங்கிருந்து திறந்தான். வெல்மா, உள்ளங்கை அளவுக்கு, நான் முந்தின நாள் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், அதே அளவில் திறந்தது. மூடித் திறந்தான், அப்படியே. திரும்ப உன் ஐகானிலிருந்து திறந்தான், முழுத்திரை. அப்போது சொன்னான், "புரோகிராம் மறக்கல டீச்சர். அது பாவம், தினமும் ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இந்த ஐகான்தான் அதை மீறி ஆர்டர் போடுது." வலது கிளிக் செய்து உள்ளே காட்டினான், எப்போதும் முழுத்திரையாகத் திற என்று அதில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. யார் இதை வைத்தார்கள் என்று கேட்டான்.

எனக்குத் தெரியும் யார் என்று. நீ கிளம்புகிற அன்று காலையில், பெட்டி வாசலில் நிற்க, வண்டிக்காரன் ஹாரன் அடிக்க, இரு இரு என்று ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். இனிமேல் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்க வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாய். அதை மாற்றிவிடட்டுமா என்று ஹெர்லி கேட்டபோது என் கை தன்னால் போய் மவுஸை மூடிக்கொண்டது. வேண்டாம், அது என் மகள் வைத்தது, இருக்கட்டும், பக்கத்தில் எனக்கென்று இன்னொரு ஐகான் வைத்துக்கொடு என்றேன். வைத்துக் கொடுத்தான். அதில்தான் இப்போது திறக்கிறேன், சொன்னபடி கேட்கிறது.

இதோடு முடிந்திருந்தால் உனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். வேலை முடிந்ததும் அடுப்படியில் இருந்த காப்பியை அவனே இரண்டு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்தான். நான் திரையைப் பார்த்துச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, எப்போதும் கிண்டலாகவே பேசுகிறவன் குரலைத் தாழ்த்தி, "டீச்சர், உங்க இடது பக்கம் ரொம்ப நேரமா கோப்பையை நீட்டிட்டு நிக்கிறேன்" என்றான். திரும்பினால் என் தோளுக்குப் பக்கத்தில் கோப்பையும் கையும் எங்கிருந்தோ முளைத்த மாதிரி இருந்தது. வலது பக்கமும் இப்படித்தானா என்று கேட்டான், ஆமாம் என்றேன். உட்கார்ந்துவிட்டான். பிறகு, "அங்கிள்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

நானே சொன்னேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்து குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்றார், இரண்டு வருஷம் என்றேன். அவர் என்னைத் திட்டினதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்த மாதிரி அவருக்கும் வந்திருக்க வேண்டும், கோப்பை உடைத்ததற்கு, கேட் தூணில் இடித்துக்கொண்டதற்கு, அவருடைய அக்கா எதிரே வந்தும் பேசாமல் போனதற்கு. தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, குழாயை மூடவில்லை. "செடியில ஒரு இலை மஞ்சளானா எனக்குத் தெரியும். பக்கத்துல படுக்கிறவளுக்கு என்னன்னு தெரியாமப் போச்சே மெய்ஸ்கே" என்றார். நீங்கள் பார்க்காதபடி நான்தான் மறைத்தேன் என்றேன். மறுநாளே பூ வெட்டுகிற ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னை மனாடோவுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள், நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றி எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். முதலில் நாலைந்து அழுத்தினேன். அப்புறம் வெளிச்சமே வரவில்லை, காத்துக்கொண்டே இருந்தேன். மெஷின் நின்றுபோச்சா என்று நர்ஸிடம் கேட்டேன். "இல்லம்மா, வந்துக்கிட்டேதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். அப்போதுதான் எனக்கே முதல் தடவையாகப் பயம் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம், வலி இல்லாமல் வருகிற நோயாம். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தினமும் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை. சொட்டு மருந்து அப்பா பொறுப்பு, சமயத்தில் மூக்கில் விடுகிறார். தெருவில் எப்போதும் பத்தடி முன்னால் போகிறவர் இப்போது என் இடது பக்கமாகவே நடக்கிறார், யாராவது வந்தால், ஃபெம்மி வருகிறாள், சிரி, என்று காதுக்குள் சொல்கிறார்.

ஃபெம்மியிடமும் குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். போன வியாழக்கிழமை ஒத்திகையில் நின்று, நான் முகத்தைத் திருப்பவில்லை, எனக்குத் தெரியவில்லை என்றேன். ஃபெம்மி மறுநாள் காலையில் பூசணியும் கீரையும் போட்ட சோளக்கஞ்சி ஒரு பானை கொண்டுவந்து வைத்துவிட்டு, பாத்திரம் அவசரமில்லை என்று சொல்லிப் போனாள். இன்னொன்றும் கண்டுபிடித்தோம். குழுவுக்கு முன்னால் வழக்கமான இடத்தில் நின்றால் எனக்கு ஏழெட்டுப் பேர்தான் தெரிவார்கள். நாலைந்து அடி பின்னால் போகச் சொல்லி ஹெர்லிதான் யோசனை சொன்னான், போனேன், இன்னும் போனேன், பின்பெஞ்சில் முதுகு இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் நாற்பது பேரும் இருக்கிறார்கள், பேஸ் குரல்காரர்களின் கடைசி வரிசைவரைக்கும். கையைத் தூக்கினேன், எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்தார்கள். ஹெர்லி மட்டும் அரைத் தாளம் முன்னால்.

இப்போது கவனமாகப் படி. டாக்டர் எனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரே மகள், முப்பத்தொரு வயது என்றேன். இது குடும்பத்தில் வரக்கூடியது, அவளுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் இப்போதே பார்த்துவிட வேண்டும், ஆரம்பத்தில் பிடித்தால் ஒன்றும் போகாது என்றார். ஜனவரியில் உன் பராமரிப்பாளர் பரீட்சை முடியட்டும், அதுவரை வாய் திறக்கக் கூடாது என்றுதான் நான் இருந்தேன், இதைக் கேட்ட பிறகு எப்படிக் காத்திருப்பேன். இந்த வாரமே போய்க் காட்டு. கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துவிட்டு வந்து நன்றாகத் தெரிகிறது என்று சொல்லாதே, எனக்கும் எழுத்தெல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. கண் அழுத்தமும் நரம்பும் பார்க்க வேண்டும் என்று கேள், அம்மாவுக்கு இருக்கிறது என்று சொல். இதற்காக வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவராதே, வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். ஜன்னலைப் பெரிதாக வைத்துவிட்டேனே என்றும் அழாதே, நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ முதல் நாளே சின்னதாக வைத்திருப்பாய், குற்றம் என்னுடையது. வயதானவர்களைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, காலை மடக்கித் தூக்கு. புகையில் சுட்ட மீன் இரண்டு பொட்டலம் லின்டா அக்கா அங்கே வரும்போது அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

கர்த்தர் உன் கண்ணையும் கையையும் காத்து, உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. டாக்டர் சொன்ன அழுத்த அளவை, இடது இவ்வளவு வலது இவ்வளவு என்று எண்ணோடு எனக்கு அனுப்பு, பரவாயில்லை என்ற ஒற்றை வார்த்தையை நான் ஏற்க மாட்டேன், அது நான் உனக்குச் சொல்லிப் பழகின வார்த்தை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
மெய்ஸ்கே

மகளே, அம்மா எழுதினதை வாசித்துப் பார்த்தேன், எல்லாம் நிஜம். மருந்து மூக்கில் விட்டது ஒரே ஒரு தடவை. நான் பக்கத்தில் இருக்கிறேன், நீ நிம்மதியாகப் படி. முதலில் கண்ணைக் காட்டு.
அப்பா