அம்மாவின் அறிவித்தலில் இல்லாத பெயர்

அன்பு மச்சான் லொரென்சோ,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் உன் பெயரை மட்டும்தான் எழுத்துக் கூட்டி வாசித்திருப்பாய். பிரெஞ்சில் எழுதியிருக்கலாம். ஆனால் உனக்கு நான் செய்த பிழையைத் தமிழில்தான் செய்தேன். அதைத் தமிழிலேயே சொல்லி முடிக்கிறேன். பக்கத்தில் நின்று நாலு பேர் கேட்டாலும் கேட்கட்டும்.

நீ போய் மூன்று மாதமாகிறது. என் தங்கை சுபா வேலைக்குத் திரும்பிவிட்டாள். உன் மகள் மாயா உன் உயரத்தையும் வாங்கிக்கொண்டு, கூடைப்பந்தைத் திரும்பியும் பாராமல் நீச்சலுக்குப் போகிறாள். பியர்ஃபித் வீட்டில் உன் தலை இடிக்காமலிருக்கக் கதவு நிலையில் ஒட்டிய பஞ்சு இன்னும் அப்படியே கிடக்கிறது. அதை இனி யாருக்காக வைத்திருக்கிறோம்?

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ இத்தாலிக்காரன். இரண்டு மீட்டர் எட்டு. பதினேழு வருடம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து விளையாடினாய். உன் இடம் சென்டர், அதாவது வளையத்துக்குக் கீழே நின்று மல்லுக்கட்டுகிற ஆள். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். சென் தெனி அரங்கில் உன் ஆட்டத்தை முதல்முறை பார்த்துவிட்டு, "நீ ஏன் பந்தைப் போடவே இல்லை?" என்று கேட்டேன். உனக்குச் சிரிப்பு வந்தது.

"பந்து வைத்திருக்கிறவனை ஒருவன் துரத்துகிறான் இல்லையா? நான் போய் அந்தத் துரத்துகிறவனின் வழியில் அசையாமல் நிற்கிறேன். அவன் என்மேல் வந்து மோதுகிறான். எங்கள் ஆள் தப்பிப் போய்ப் பந்தைப் போடுகிறான். கைதட்டல் அவனுக்கு."

"உனக்கு?"

"எனக்கு விலா எலும்பு."

பதினெட்டு வயதில் தொடங்கினாய். பாதி வருடங்கள் இத்தாலியின் இரண்டாம் பிரிவில் போயின. முதல் பிரிவில் இரண்டே பருவம், அதிலும் பெரும்பாலும் மாற்று ஆட்களின் வாங்கில். அங்கே உன்னைவிடக் கெட்டிக்காரச் சென்டர் ஒருவன் இருந்தான், அவன் மூச்சு வாங்கும்போது நீ இறங்குவாய். ஒரே ஒருமுறை தேசிய அணியின் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் பதின்மூன்று பேர் மிஞ்சினீர்கள், போட்டிக்குப் பன்னிரண்டு பேர்தான் போகலாம். ஒரு காலை ஹோட்டலின் சாப்பாட்டு அறைக் கதவில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். நீ அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போய்ப் பெட்டி கட்டினாய்.

"ஏன் என்று பயிற்சியாளரைக் கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டிவரும். நல்ல மனிதர். ஏன் அவரைக் கஷ்டப்படுத்துவான்?"

அப்போது உன்னை ஒரு பேயன் என்றுதான் நினைத்தேன்.

முழங்கால் போன பிறகு, முப்பத்தொரு வயதில், இங்கே வடக்குப் புறநகரில் ஒரு சின்னக் கழகத்துக்கு வந்தாய். அந்த முழங்காலைப் பார்த்த கினே, உடற்பயிற்சி கொடுத்துக் குணமாக்குகிறவள், என் தங்கை. மிச்சத்தை ஊரே அறியும். அப்பா உங்கள் கல்யாணப் பதிவுக்கு மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, வரவில்லை. ஊர் எது, ஆட்கள் யார் என்று விசாரித்துப் பார்க்க வழியே இல்லாத மாப்பிள்ளை அல்லவா நீ! "பந்தடிக்கிறவனை நம்பி ஒரு பிள்ளையைக் குடுக்கிறதோ?" என்று அறைக்குள்ளிருந்தே கத்தினார். அம்மா மட்டும் சீலையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தா. உனக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்து, "தம்பி, கொஞ்சம் குனியுங்கோ" என்று சொல்லித் திருநீறு பூசினா.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதான கடைசி வருடத்தை எப்படி மறப்பது? எங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் மாதக்கணக்கில் வேலை செய்யவில்லை. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கிழமைக்கு மூன்று நாள் நீ வந்து, நாலாம் மாடியிலிருந்து அவவைத் தூக்கிக்கொண்டு இறங்குவாய். உன் முழங்கால் படிக்குப் படி சத்தம் போடும். "பிளேன்ல போற மாதிரிக் கிடக்கு" என்பா அம்மா. நீ வருகிற நேரம் பார்த்து அப்பா வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். ஒரு நாள்கூட அவர் கதவைத் திறக்க மறந்ததில்லை.

அம்மா போனபோது மரண அறிவித்தலை எழுதினது நான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் செத்தால் படம் போட்டு அச்சடித்து, கடைக் கண்ணாடியெல்லாம் ஒட்டுவோம். பிறந்த ஊர், வசித்த ஊர், பிறகு முறை: இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் அன்பு மாமியாரும். மரக்கறி வாங்க வருகிற சனம் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த முறைகளைத்தான் வாசிக்கும். யாரின் பெயர் இருக்கிறது, யாரின் பெயர் இல்லை என்று பார்க்கும்.

அச்சுக்கடை நேசன் அண்ணை தட்டெழுதிக்கொண்டு வந்தவர், மாமியார் என்ற இடத்தில் என் மனைவி வதனியின் பெயரைப் போட்டுவிட்டு நிறுத்தினார். "தங்கச்சின்ர மனுசன்ர பேர் என்ன, தம்பி?"

"அதை விடுங்கோ அண்ணை. அப்பாவுக்குச் சரிவராது."

அப்பாவை நான் கேட்கவே இல்லை, மச்சான். அப்பாவின் பெயரைச் சொல்லி நான்தான் விட்டேன். அந்த வரிசையில் ஓர் இத்தாலிக்காரன் பெயர் வந்தால் சனம் நின்று வாசித்து என்ன கதைக்கும் என்று கூச்சப்பட்டேன். அம்மாவை முதுகு முறியத் தூக்கினவனுக்கு நான் செய்தது அது. பேர்த்தி என்று மாயாவின் பெயர் இருந்தது. அவளுக்குத் தகப்பன் மட்டும் இல்லை.

அடுத்த நாள் நீ கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாயாம். உன் பெயரின் எழுத்துகளைச் சுபா உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "பெரிய மனுசன், குனிஞ்சு நிண்டு ஒவ்வொரு வரியாத் தேடினவர். எனக்கு உள்ளுக்கை போய் ஒளிச்சால் காணும் எண்டு போச்சு" என்றார் நேசன் அண்ணை. அதற்கடுத்த நாள் நீயும் நானும் அம்மாவின் பெட்டியை முன்பக்கம் தூக்கினோம். பெட்டி சரியக்கூடாதென்று, அந்த முழங்காலை மடித்து என் உயரத்துக்கு இறங்கியே கடைசிவரை நடந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வருடமும் அம்மாவின் நினைவு நாளுக்கு அஞ்சலி அச்சடிக்கிறோம். நேசன் அண்ணை பழைய கோப்பைத் திறந்து, முதலாம் ஆண்டை இரண்டாம் ஆண்டாக்கி, திகதியை மாற்றிக் கொடுப்பார். முறைகளை யாரும் தொடுவதில்லை. ஐந்து வருடம் உன் பெயர் இல்லாமலே ஒட்டினேன். ஒவ்வொரு தரமும் அடுத்த வருடம் பார்ப்போம் என்று வந்துவிடுவேன்.

பிறகு ஒரு காலை, சப்பாத்துக் கட்டக் குனிந்த நீ நிமிரவில்லை. நாற்பத்தொன்பது வயது. இதயம் என்றார்கள்.

உனக்குப் பூசை தேவாலயத்தில்தான் என்றாலும், தமிழில் அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்று சுபா ஒற்றைக் காலில் நின்றாள். நான் அச்சுக்கடைக்குப் புறப்பட, அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு, "நானும் வாறன்" என்றார். எண்பத்திரண்டு வயது.

"கர்த்தருக்குள் நித்திரை எண்டு போடவோ, சிவபதம் எண்டு போடவோ?" என்று நேசன் அண்ணை தலையைச் சொறிந்தார். சுபாவைத் தொலைபேசியில் கேட்டோம். "காலமானார் எண்டு போட்டால் காணும்" என்றாள். அமைப்பு ஒன்றாக இருக்கட்டும் என்று அவர் அம்மாவின் கோப்பைத் திரையில் திறந்தார். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பெரிய திரைக்குக் கிட்டப் போய் முறைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"இதில ஏன் அந்தப் பிள்ளையின்ர பேர் இல்லை?"

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்பவே கண்டனான். சுபாதான் வேண்டாம் எண்டு சொல்லியிருப்பாள் எண்டு நினைச்சன். என்னிலை உள்ள கோவத்திலை. அதுக்குப் பிறகு எந்த முகத்தோடை நான் அவனோடை கதைக்கிறது?"

"நான்தான் அப்பா விட்டனான். உங்களுக்குச் சரிவராது எண்டு சொல்லி."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். "ஆறு வருசம், கேதீஸ்" என்றார். "அவன் வந்து போகேக்கை எல்லாம் நான் அறைக்குள்ளை இருந்தனான்ரா." பிறகு எழும்பி, உன் அறிவித்தலில் தன் பெயருக்குப் பக்கத்தில் அன்பு மருமகனும் என்று தட்டெழுதும்வரை நேசன் அண்ணைக்குப் பின்னால் நின்றார். நீ கேட்க வேண்டிய சொல் அது. கேட்க நீ இல்லை.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் சுபாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அது நீதான் எண்டு லொரென்சோ அப்பவே சொன்னவர், அண்ணா. நான்தான் நம்பேல்லை, அப்பாவோடை சண்டை பிடிக்க வெளிக்கிட்டனான். கதவைத் திறந்து வைக்கிற மனுசன் பேரை வெட்டமாட்டார் எண்டு சொல்லி மறிச்சவர்."

தெரிந்துகொண்டா, மச்சான், ஆறு வருடம் என் வீட்டில் வந்து சாப்பிட்டாய்? தெரிந்துகொண்டா கண்ட இடமெல்லாம் "மச்சான்" என்று என் தோளில் கையைப் போட்டாய்? நான் பொய் சொல்ல வேண்டி வரும் என்றா கேட்காமல் இருந்தாய்? ஒருமுறை கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். எனக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

போன கிழமை அம்மாவின் ஆறாம் ஆண்டு. அப்பாவும் நானும் முறைகளைத் திருத்தி எழுதிக்கொண்டு போனோம். மாமியார் என்ற இடத்தில் முதல் பெயராக உன் பெயரைப் போடச் சொன்னார் அப்பா. நேசன் அண்ணை தட்டெழுதினார். பிறகு எங்களைப் பார்க்காமலே, உன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தார்: காலஞ்சென்ற.

"அதை எடுங்கோ அண்ணை" என்றேன்.

"எடுக்கேலாது தம்பி. எடுத்தால், ஆள் இருக்கிறார் எண்டெல்லோ சனம் நினைக்கும்."

ஆறு வருடம் நீ உயிரோடு இருந்தாய், அந்த இடம் வெறுமையாக இருந்தது. இப்போது உன் பெயர் வந்திருக்கிறது, அந்தச் சொல்லோடு. இனி எந்த வருடமும் அதை எடுக்க முடியாது. ரூ பஜோல் முனையிலிருந்து ஒவ்வொரு கடையாக நானே கொண்டுபோய் ஒட்டினேன். சனம் நின்று வாசித்தது. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, மச்சான். நான் பயந்த சனம் இதுதான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்னுடைய அறிவித்தலை நானே எழுதி, நேசன் அண்ணையின் கணினியில் போட்டு வைத்துவிட்டேன். "விசரே உனக்கு?" என்று ஏசினார். திகதி மட்டும்தான் காலி. மற்றவர்களின் பெயரை வீட்டுக்காரர் கூட்டட்டும், குறைக்கட்டும். ஒரு வரியில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்: காலஞ்சென்ற லொரென்சோவின் அன்பு மைத்துனரும்.

அந்த முறைக்குத் தகுந்தவனாக மிச்ச நாளை இருக்கப் பார்க்கிறேன்.

நீ கேட்காமலே விட்ட
உன் மச்சான்,
கேதீஸ்
லா சப்பல், பாரிஸ்