தொப்பியில் செருகிய தழை

ஜூன் 11, 1643

ராஜாவை எதிர்க்கும் பாராளுமன்றப் படைக்கு ஊருக்கொரு குதிரை கொடுக்க வேண்டுமாம். எங்கள் ஊர் சார்பில் என் உழவுக் குதிரை மோல். அவளை யாரோ ஒருவனிடம் விட மனமில்லாமல் நானும் வந்துவிட்டேன். குதிரைக்குத் துணையாகப் போருக்கு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மகன் ஆம்ப்ரோஸ் வசந்தத்திலேயே ராஜாவின் குதிரைப்படைக்கு ஓடிவிட்டான். கிளம்பும்போது என் மனைவி ஜோன் சொன்னது ஒன்றுதான்: "வெட்டுறதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாருங்க."

ஜூன் 13

இரு தரப்புக்கும் ஒரே மாதிரி தோல் சட்டை, ஒரே மாதிரி தொப்பி. அதனால் எங்கள் ஆட்கள் தொப்பியில் பச்சைத் தழை செருகிக்கொள்ள வேண்டும். எதிராளிக்கு அது கிடையாது. தழைக்காகத் தொப்பியைக் கழற்றினேன்.

"மாட்டு பெருசு, கண்ணு கூசுது!" என்றான் தலைவன் பிகோட்.

ஆம்ப்ரோஸும் இதைத்தான் சொல்வான். மூன்று வயல் தள்ளி நின்றாலும் என் வழுக்கை தெரியுமாம்.

ஜூன் 14

ஆற்றுத்துறையில் சண்டை. சண்டைதானா அது? ஒரே புழுதி, கனைப்பு, "யாருடா நீ?" என்ற கத்தல். நான் யாரையும் வெட்டவில்லை. ஒரு வேலியைத் தவிர. யாரோ "பின்னால வாங்க!" என்றார்கள். போனேன். புழுதி அடங்கிப் பார்த்தால் ஒருவன் தொப்பியிலும் தழை இல்லை.

என் தொப்பியிலும் இல்லை!

காலையில் பிகோட்டின் நீண்ட ஜெபம். தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். மோல் அங்கேதான் நின்றாள். ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. யாரோ 'ஆமென்' முணுமுணுக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

ராஜாவின் ஆட்கள் என்னைத் தங்கள் ஆள் என்றே நினைத்து ரொட்டி கொடுத்தார்கள். மெதுவாக மகனைப் பற்றி விசாரித்தேன்.

"ஆம்ப்ரோஸா? அவங்கப்பன் அந்தப் பக்கம் சேந்துட்டானாம். வெட்டிக்கக் கூடாதுன்னு நேத்தே தழையச் செருகிக்கிட்டு அங்க போயிட்டான், மடையன்."

"அப்பன் எப்படிப்பட்டவனாம்?"

"இவனைப் பெத்தவன்தானே!"

சரிதான் என்றேன். மீதி ரொட்டியை மோலுக்குக் கொடுத்தேன். இப்போது நான் இங்கே, அவன் அங்கே. எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப் பக்கமாகவே இருக்கிறதே, இது என்ன கூத்து?

ஜூன் 15

நாளை அதே துறையில் மறுபடியும். தழை வைத்தால் இவர்கள் வெட்டுவார்கள். வைக்காவிட்டால் அவன்—

தொப்பியே வேண்டாம். வெறுந்தலையோடு போகிறேன். வெயில் அடிக்கட்டும், கடவுளே.

ஜூன் 19, வீட்டில்

தலை முழுக்கத் தோல் உரிகிறது. மூன்று வயல் தள்ளியே அதைக் கண்டுகொண்டு ஓடிவந்த ஆம்ப்ரோஸ், துறையிலிருந்து என்னோடு நேரே வீட்டுக்கு வந்து, இப்போது வெண்ணெய் தடவுகிறான். தடவும் சாக்கில் ஒரு தட்டும் தட்டுகிறான். மோல் மச்சினன் கொட்டகையில், எந்தப் படைக்காரன் கண்ணிலும் படாமல் வைக்கோலுக்குப் பின்னால்.

"கடைசியில யாருதான் ஜெயிச்சா?" என்று கேட்டாள் ஜோன்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் இன்னொரு விரல் வெண்ணெய் எடுத்தான்.