பாடகர் வரவுப் புத்தகம்

ஒக். 7, ஞாயிறு

காற்றே இல்லை. வாவி எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. ஆராதனையில் ஓர்கனில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது. கடைசிப் பாட்டு முழுக்க அந்த ஒரே சுரம் ஊளையிட்டபடி.

பாஸ்டர் ஐயா கோயில் சரித்திரம் கேட்கிறார், ஆண்டு விழா மலருக்கு. நத்தார்ப் பண்டிகைக்கு முன் வேண்டுமாம். விழா நடக்குமா என்று கேட்க வாய் வரவில்லை. மண்டபம் நிறைய அகதிக் குடும்பங்கள். கயிறு முழுக்கக் குழந்தைத் துணி.

குறித்தவை:

– தரங்கம்பாடியிலிருந்து கப்பலில் வந்த ஜெர்மன் போதகர். முதலில் ஓர்கன் இறங்கியது, பிறகுதான் அவருடைய கட்டில்.

– லுத்தரன் பாட்டுகள் தமிழில், நாலு குரலில். மீன் பிடிப்பவர்களுக்கும் வயல் வட்டையில் வேலை செய்பவர்களுக்கும் ஒவ்வொரு குரலாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

– வாவியில் பாடும் மீன் கதையையும் சேர்க்கட்டாம் ஐயா. மாட்டேன்.

– பாடகர் வரவுப் புத்தகம். அந்தப் போதகர் தொடங்கியது, இன்றுவரை. புதன் பயிற்சிக்கு வந்தவர் தன் பெயருக்கு நேரே முதல் எழுத்தைப் போட வேண்டும். வராதவருக்கு ஒரு சிறு கோடு. வாந்திபேதி வருடத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு. கீழே ஒரே ஓர் எழுத்து. ‘இந்தப் புத்தகத்தில் பொய் இல்லை’ என்று எழுதினேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

– இப்போதைய பாடகர். ஆண்கள் மூவர்தான் மிச்சம். மற்றவர்கள் கொழும்பு, கனடா. தெனர்: டானியல் (என் கணவர் என்று போடுவதா?), யோகன். பேஸ்: செல்லையா மாமா. பல் இல்லை, குரல் இருக்கிறது. ஆல்ட்டோ: யோகனின் தாய் நேசம்மா அக்கா, இன்னும் மூன்று பெண்கள். ஓர்கனும் புத்தகமும் என் பொறுப்பு.

ஒக். 8, திங்கள்

விடியற்காலை ஆமியின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு. ஜீப்பில் முகம் மூடிய தலையாட்டி, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவன். டானியல் முன்னால் வந்ததும் அந்தத் தலை அசைந்ததாம். யோகன் வரிசையில் பின்னால் நின்று பார்த்திருக்கிறான்.

“அக்கா, சேர் ட்ரக்கில ஏறக்குள்ள இதக் கழட்டி என்ட கையில தந்தவர்.”

மணிக்கூடு. ஓடிக்கொண்டிருக்கிறது.

சமைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லை என்று. கோழிக்குத் தீன் போட்டேனா?

ஒக். 9, செவ்வாய்

ஆமி முகாம் வாசல். ஆறரைக்கே பெண்கள். அமிர்தகழியிலிருந்து ஒருத்தி, இரண்டு மகன்மாரின் படமும் ஒரே சட்டத்துக்குள்.

“நேத்து ரெண்டு பேரும் உள்ளுக்கு இரிக்காங்க எண்டாங்க. இண்டைக்கு இல்லயாம். நான் போகல்ல. இதிலயே நிக்கப் போறன்.”

பதினொன்றுக்கு என்னை உள்ளே விட்டார்கள். அதிகாரி சின்ன வயது. மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆள்.

“போன புதன் பின்னேரம் ட்ரக்குக்குக் கண்ணி வெடிச்ச நேரம் உங்கட புருசன் எங்க?”

உண்மை: வாவிக்கு அக்கரை, படுவான்கரையில். தாய்க்கு மருந்து கொண்டு தோணியில் போனவர், வியாழன் காலைதான் திரும்பினார். அக்கரை இயக்கப் பெடியன்களின் கையில். அங்கே போனவர் என்று சொன்னால் அத்தோடு சரி.

“கோயில்ல. பாட்டுப் பயிற்சியில.”

“ஆர் சொல்றது?”

“வரவுப் புத்தகம் இரிக்கு.”

புத்தகத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். நாளைக்குக் கொண்டுவரட்டாம்.

ஒக். 10, புதன்

காலையிலேயே பாஸ்டர் ஐயாவிடம் போனேன். டானியல் பயிற்சியில் இருந்தார் என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றேன்.

“அண்டைக்கு நான் அவரக் காணல்லியே புள்ள.”

“ஓம் ஐயா.”

எழுந்தார். “புத்தகம் உன்ட பொறுப்பு மணி. நான் கிணத்தடிக்குப் போறன்.”

வாளி எடுக்காமல் போனார்.

போன புதன் பக்கம். டானியல் பெயருக்கு நேரே நான் போட்ட கோடு. சுரண்டினால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். அவர் வழக்கமாகப் போடுவது ‘ட’. படுத்திருந்த கோட்டின் இடது முனையில் நிமிர்ந்து ஒரு கோடு. அவ்வளவு போதும். போட்டேன். மை கொஞ்சம் கறுப்பு, உள்ளங்கையால் ஒற்றினேன்.

அதிகாரி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஜெர்மன் எழுத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு புதன் பக்கம். மொழிபெயர்ப்பவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

“இந்த ஆக்களும் இதையே சொல்லுவாங்களா?”

“ஓம்.”

புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை.

பின்னேரம் பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள். பாடவில்லை. செய்ததைச் சொன்னேன். செல்லையா மாமாதான் முதலில் பேசினார்: “என்ட பக்கத்துலதான் நிண்டவர். முடிஞ்சிது.” யோகன்: “நானும் சேரும் ஒரே புத்தகத்தப் பாத்துத்தானே பாடின. ஆரும் கேக்கட்டும்.” நேசம்மா அக்கா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒக். 11, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. மத்தியானம் வரை நின்றேன், உள்ளே விடவில்லை. அமிர்தகழிப் பெண்ணைக் காணவில்லை.

வீட்டில் சரித்திரத்தை எடுத்தேன். ‘பொய் இல்லை’ வரியை அடித்தேன். பிறகு முழுத் தாளையும் கிழித்தேன்.

கர்த்தரே, அவரை மட்டும் தாரும். ‘மட்டும்’ என்று இரண்டு தரம் சொன்னேன்.

கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. சட்டி வைத்தேன்.

ஒக். 12, வெள்ளி

வந்துவிட்டார்.

மத்தியானம், நடந்து. செருப்பில்லை. இடது காதில் காய்ந்த இரத்தம்; அந்தக் காது கேட்கவில்லை. முதுகைப் பார்க்க விடவில்லை. கஞ்சி குடித்தார், வாந்தி. மறுபடி கஞ்சி, இருந்தது.

“என்னவாம் கேட்டாங்க?”

“பாட்டுக்காரனெண்டாப் பாடு எண்டாங்க. பாடினன்.”

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதேன். சந்தோசத்தில்தான்.

யோகன் வந்து பார்த்தான். மணிக்கூட்டை அவன் கையாலேயே அவருக்குக் கட்டிவிட்டான்.

ஒக். 13, சனி

காலை ஒன்பது மணி. கோயில் வளவுக்குள் ஜீப். அகதிப் பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினார்கள். மொழிபெயர்ப்பவர் கையில் எங்கள் புத்தகம். புதன் பக்கத்திலுள்ள ஆண்கள் விசாரணைக்குச் சாட்சி சொல்ல வர வேண்டுமாம்.

செல்லையா மாமாவிடம் வயதைக் கேட்டு விட்டுவிட்டார்கள். யோகனுக்கு இருபத்திரண்டு.

“வாக்குமூலம் குடுத்திட்டு வந்திருவாரு,” என்றார் மொழிபெயர்ப்பவர்.

யோகன் தானே ஏறினான். தாயைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் கையைக் காட்டினான்.

அந்தப் பெயர்களெல்லாம் என் கையெழுத்து. யாரும் வாசிக்கக்கூடிய தெளிவான எழுத்து.

மாலை வரை வரவில்லை.

ஒக். 14, ஞாயிறு

வரவில்லை.

ஆராதனைக்குப் போகவில்லை நாங்கள் இருவரும். ஓர்கன் இல்லாமல் பாடினார்கள், இங்கே கேட்டது. ஆல்ட்டோ இல்லை. நேசம்மா அக்கா முகாம் வாசலில்.

டானியல் சட்டை போட்டார்.

“நான் போய் உண்மையச் சொல்லப் போறன். அவன் பாவம், அவனுக்கு என்ன தெரியும்.”

“சொன்னா உங்களையும் வச்சிருவாங்க, அவனையும் விடமாட்டாங்க.”

“அது உனக்கெப்பிடித் தெரியும்?”

தெரியாது. கதவில் சாய்ந்து நின்றேன். பிறகு காலைப் பிடித்தேன். ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் அடக்கும் மனிதர், என் தலைக்கு மேலால் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை.

நான் தடுத்திராவிட்டால் போயிருப்பார். அவர் உட்கார்ந்ததும் எனக்கு வந்த நிம்மதியை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு எங்கும் சொல்ல முடியாது.

ஒக். 15, திங்கள்

தூறல். நேசம்மா அக்கா ஆறு மணிக்கே வாசலில்.

“உன்ட பேச்ச அவன் கேட்டவன்தானே மணி. வா.”

போனேன். டானியல் நித்திரை. எழுப்பவில்லை.

முகாமில் அதிகாரி வேறு ஆள். மொழிபெயர்ப்பவர் அதே ஆள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்பிடி ஒருத்தர இஞ்ச கொண்டு வரல்ல.”

“நீங்கதானே ஏத்தினீங்க தம்பி,” என்றார் அக்கா.

“இல்லம்மா.”

புத்தகத்தைக் கேட்டேன். அப்படி ஒரு புத்தகமும் இல்லையாம்.

திரும்பும் வழியில் பாலத்தடியில் அக்கா நின்றார். அழவில்லை.

“புருசன்ட கோட்ட எழுத்தாக்கினயே மணி. அந்த நேரம் என்ட புள்ளைட எழுத்த ஒரு கோடாக்கி விட உனக்கு ஏலாமப் போச்சா?”

“நினைக்கல்ல அக்கா,” என்றேன்.

குடையை என் கையில் தந்தார். மறுபடி முகாம் பக்கம் நடந்தார்.