வரிசையில் நிற்கும் விளையாட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கண் ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தேதி அதேதானே?

என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் என் போனில் ஒரு வீடியோ கேம் ஏற்றிக் கொடுத்தாள். ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். “ஒண்ணுமே நடக்காதுக்கா, அதான் சுகம்” என்றாள். வேலையற்ற வேலை என்று சிரித்தேன். ஆனால் விட முடியவில்லை. மின்விசிறி சுற்றும், முன்னால் நிற்பவர் இருமுவார், வரிசை கொஞ்சம் நகரும்.

ஊருக்கு வந்து திரும்ப பாஸ்போர்ட்டில் இந்த நாட்டு அனுமதி முத்திரை வாங்கப் போன அலுவலகத்திலும் அதையே ஆடிக்கொண்டிருந்தேன். என் டோக்கனைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. கவுண்டர் ஜன்னலை மூடும்போதுதான் எழுந்து ஓடினேன்.

“கூப்பிட்டப்ப எங்கம்மா போனீங்க?” என்றார் குமாஸ்தா.

“வரிசையிலதான் சார் நின்னுட்டிருந்தேன்” என்றேன்.

இனி அடுத்த மாதம்தான் முத்திரை கிடைக்கும். பெரிய விஷயமில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று மட்டும் டாக்டரைக் கேளுங்கள். அந்த விளையாட்டில் எவ்வளவு தாமதித்தாலும் வீட்டில் யாரும் நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை. அதனால்தான் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

தள்ளிப்போட முடியாதென்றால், தம்பியைச் சொட்டு மருந்து விடச் சொல்லுங்கள். நீங்களே விட்டுக்கொள்ள வேண்டாம், கை நடுங்கும். லேபில் என் டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்