கண்ணாடியின் உயரம்

மார்ச் 4

சவரம் செய்யும்போது தம்பி மறுபடி தாடையைக் கீறிக்கொண்டான். குளியலறைக் கண்ணாடி நிற்பவர்கள் உயரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து பார்த்தால் அதில் கூரைதான் தெரியும். இறக்கி மாட்டட்டுமா என்று கேட்டால் அதே பழைய பதில்: எதுக்கு, எப்படியும் எழுந்து நிக்கத்தானே போறேன்.

சாப்பிடும்போது ஒரு வீடியோ காட்டினான். அவனைப் போலவே முதுகுத்தண்டில் அடிபட்ட ஒருவர், இடுப்பில் ஏதோ கருவியோடு எழுந்து நடக்கிறார். அதைச் செய்யும் கம்பெனியின் பங்குகளில், விபத்துக்கு வந்த நஷ்டஈடு முழுவதையும் போட வேண்டுமாம். பணம் எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்தும் வேண்டும்.

மார்ச் 7

மதிய இடைவேளையில் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்தேன். இதுவரை ஒரு கருவிகூட விற்கவில்லை. வருடா வருடம் நஷ்டம். கையிருப்பு அடுத்த வருடத்தைத் தாண்டாது. சோதனை தோற்றால் போட்டது மொத்தமும் போகலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஜெயித்தால் பல மடங்கு. பங்கு என்னவோ ஏறிக்கொண்டே இருக்கிறது — எதை நம்பி? அதே வீடியோவை நம்பித்தானே?

மார்ச் 8

வீடியோவை மறுபடி பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

நான் பிசியோதெரபிஸ்ட். அடுத்தவர் கால்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கருவியை இயக்குவதற்கு முன்பே அந்த மனிதரின் கால் கட்டைவிரல் மடங்குகிறது. லேசாகத்தான். அவருக்கு நரம்பில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது. தம்பிக்கு இல்லை. தினமும் காலையில் அவன் விரல்களை நீட்டி மடக்குகிறவள் நான்தானே. இதை எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 12

சண்டை. பத்தில் ஒரு பங்கை மட்டும் போடு, மீதி பாங்கில் இருக்கட்டும் என்றேன். நஷ்டம், கையிருப்பு எல்லாம் எடுத்துச் சொன்னேன். விரலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"பத்துல ஒண்ணு போட்டா, நான் பத்துல ஒரு பங்கு நடப்பேனாக்கா?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பணத்தை விடு. அந்த மெஷின் எனக்கு வேலை செய்யுமா, செய்யாதா? அதை மட்டும் சொல்லு."

பதிலுக்குப் பாதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2

பங்கு நன்றாக ஏறியிருக்கிறது. தம்பி விசிலடிக்கிறான். நடந்து வந்து என் மண்டையில் குட்டப் போகிறானாம். மீதிப் பாதியையும் கேட்டான். கொடுத்துவிட்டேன். எனக்குப் பைத்தியம்தான்.

மே 19

போச்சு.

மே 20

சோதனை முடிவு வந்துவிட்டது. நரம்பில் கொஞ்சமாவது உயிர் மிச்சமிருப்பவர்களுக்குத்தான் கருவி பயன்படுமாம். நேற்று பங்கு விழுந்த வேகத்தில் போட்டதில் பெரும்பகுதி காலி.

அவன் அழவில்லை. நான்தான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். ஈரக் கையோடு போய்ச் சொல்லிவிட்டேன்.

"அந்த ஆளோட விரல் முன்னாடியே அசைஞ்சுதுடா. நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா போட்ட?"

"நீயும் பாத்திருப்பேன்னு தெரியும். பாத்துட்டும் ஒண்ணும் சொல்லலையே. தினம் என் காலைத் தொட்டுப் பாக்குறவ நீ. அப்ப எனக்கும் ஏதோ மிச்சம் இருக்குபோலன்னு நெனச்சேன்."

ஐயோ. பாசம் என்று நினைத்துத்தானே வாயை மூடிக்கொண்டிருந்தேன்? அதையே அவன் ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறான். பணம் போனது இரண்டாம்பட்சம்.

ஜூன் 1

காலையில் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அந்தக் கண்ணாடியக் கீழ இறக்கி மாட்டிடு."

சுத்தியலை எடுத்து வந்தேன். ஆணிகளை அவனே பிடித்துக்கொடுத்தான். கோணலாக இருக்கிறதென்று இரண்டு தடவை கழற்ற வைத்தான். பிறகு ஒரு கீறலும் இல்லாமல் சவரம் செய்துகொண்டான்.

வேலைக்குக் கிளம்பும்போது நான் குனிந்து தலை வாரிக்கொண்டேன்.