ஸ்டூவர்ட்டுக்குச் சேறு பூசிய நாட்கள்

ஆகஸ்ட் 10, 2025, ஞாயிறு. கம்பம்

இன்று கடை இல்லை. காலையிலேயே மாடிக்கு ஏறிவிட்டேன். ஸ்டூவர்ட் டாங்குக்கு இரண்டாவது பூச்சுப் பச்சை அடித்து முடித்தாயிற்று. 1944-இல் இம்பால் சண்டையில் நம் ஆட்கள் ஓட்டிய சின்ன டாங்க். என்னுடையது அதன் பிளாஸ்டிக் மாடல், அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். எந்தப் பச்சை என்று கண்டுபிடிக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். பழைய படம் எல்லாம் கருப்பு வெள்ளை, படிக்கிற இடத்தில் ஆளுக்கு ஒரு பச்சை சொல்கிறான்.

ஷர்மின் காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கடையில ஏலக்காயும் பச்சை, வீட்டுல பொம்மையும் பச்சை. உங்களுக்கு வேற நிறமே கெடைக்கலையா?" என்றாள். பொம்மை என்று சொல்லாதே என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று. கட்டின பெண்டாட்டிக்கே புரியவில்லை என்றால் ஊருக்கு எங்கே புரியப்போகிறது.

ஒன்று மட்டும் எரிச்சல். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்கிற ஒற்றை லென்ஸ்தான் எனக்கும். வலது கண்ணில் செருகி, இடதை மூடிக்கொண்டு வேலை பார்ப்பேன். அதில் கரும்புள்ளிகள். துடைத்தேன், மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ஆகஸ்ட் 13, புதன்

லென்சைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புள்ளி போகவில்லை. புதிது வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. டாங்குக்கு அழுக்கேற்றத் தொடங்கினேன். தின்னரில் கரைத்த கரும்பழுப்பை மூலைமுடுக்கிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் ஓடவிட்டு, மிச்சத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்க வேண்டும். அப்போதுதான் அது புழங்கின வண்டியாகத் தெரியும்.

பீரங்கிக் கூண்டின் பக்கத்தில் ஒரு கறை மட்டும் போகவில்லை. நூல் மாதிரி நீளமாக, முனையில் சுருண்டு கிடந்தது. துடைத்தேன். இன்னும் கொஞ்சம் தின்னர் தொட்டு அழுத்தித் துடைத்தேன். கோபம் வந்துவிட்டது. சனியனே, போய்த் தொலையேன் என்று தேய்தேயென்று தேய்த்தேன். பச்சை உரிந்து அடியில் பிரைமரின் சாம்பல் நிறம் வந்துவிட்டது. அந்தச் சாம்பலின் மேலும் கறை இருந்தது.

லென்சைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் இருந்தது. பார்க்கிற பக்கமெல்லாம் கூடவே வந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். இல்லை. இடது கண்ணைப் பொத்தினேன். இருக்கிறது.

பிரஷைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அக்கா லத்திபா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பதினோரு வருஷமாக இரண்டு கண்ணும் தெரியாது. சர்க்கரை. மச்சான் மௌத்தான பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். தட்டின் ஓரமாக விரலை நகர்த்தி, குழம்பு எங்கே, பொரியல் எங்கே என்று கண்டுபிடிப்பாள். அவளுக்கும் "கண்ணுக்குள்ள கொசு பறக்குதுடா" என்றுதான் ஆரம்பித்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

எனக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுகிறேன். போட மறந்த நாட்களும் உண்டு.

எனக்கு அதில்லை. எனக்குக் களைப்பு. தின்னர் நெடி கண்ணில் ஏறியிருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாடிக்குப் போகவில்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடையில் மானம் போக இருந்தது. வண்டன்மேட்டிலிருந்து எப்போதும் வருகிற தோட்டக்காரர் சாம்பிள் தட்டை நீட்டினார். பார்த்ததும், மங்கல் சரக்கு, வெளுத்துப்போயிருக்கே என்றேன். அவர் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாயி, இது பச்சயல்லே? நல்லாப் பாருங்க."

வாசலுக்குத் தட்டை எடுத்துப் போய் வலதை மூடிக்கொண்டு பார்த்தேன். கிளிப்பச்சை. இந்தப் பருவத்தில் இவ்வளவு நல்ல சரக்கு வந்ததே இல்லை. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்து மழுப்பினேன். அவரும் சிரித்தார். கணக்குப் பார்க்கிற கர்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

டாங்க் கிடக்கட்டும். ஏலக்காயில் நிறம் பிரிக்கத் தெரியாதவனை எவன் மதிப்பான்? எனக்கு வேறு என்ன தொழில் தெரியும்? இந்தக் கண் போனால் நான் என்ன செய்வேன், எங்கே உட்காருவேன், அக்காவுக்குப் பக்கத்திலா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜும்ஆ. சஜ்தாவில் நெற்றியை வைத்து நிமிர்ந்ததும் கண்ணுக்குள் கலங்கியது, கிணற்றில் வாளி விழுந்த மாதிரி. பள்ளிவாசலின் வெள்ளைச் சுவர் பூராவும் பழுப்பு. என்ன ஓதினேன் என்றே தெரியவில்லை. யா அல்லாஹ், எடுத்துடாதே, எடுத்துடாதே. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேரே டாக்டரிடம் போய்விடுவது என்று வெளியே வந்தேன். செருப்பு மாட்டுவதற்குள் தைரியம் கரைந்துவிட்டது. போனா சொல்லிருவாகளே! சொல்லாத வரைக்கும் ஒண்ணும் இல்லதான? அக்காவுக்குக் கண்ணுக்குள்ளயே ஊசி போட்டாக. நான்தான் கூடப் போனேன். உள்ளே கூப்பிட்டதும் என் மணிக்கட்டை அவ பிடிச்ச பிடி — இன்னும் மறக்கல. அந்தக் கட்டில்ல நானா? முடியாது. என்னால முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ், கலங்கல் அடங்கிவிட்டது. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். வீணாகப் பயந்து செத்தேன்.

தெம்பு வந்து இன்று சேறு வேலை முழுவதும் பார்த்தேன். கம்பம்மெட்டு மலைரோட்டு ஓரத்தில் எடுத்துவந்த செம்மண். ஷர்மினின் டீ வடிகட்டியில் அவளுக்குத் தெரியாமல் சலித்து, பசையும் பெயிண்டும் விட்டுக் குழைத்துக்கொண்டேன். தேய்ந்த பல் பிரஷில் தொட்டுக் கட்டைவிரலால் முடியைச் சுண்டினால் வண்டியின் மேல் தெறிக்கும். காய்ந்தால் சொரசொரவென்று அசல் சேறு. இம்பால் மழைக்காலத்துப் படங்களில் சக்கரமே தெரியாத அளவு அப்பியிருக்கும்.

சேற்றில் ஒரு நியாயம் உண்டு. இன்னும் கொஞ்சம் போடலாமே என்று ஆசை வருகிறபோதே கையை எடுத்துவிட வேண்டும். அதிகமானால் பிள்ளைகள் மண்ணில் போட்டுப் புரட்டினது மாதிரி கேவலமாகிவிடும். இன்றைக்கு நாலு சுண்டு சுண்டியதுமே பக்கத்தகடு பூராவும் புள்ளியும் பழுப்புமாக நிறைந்துவிட்டது. எடுத்துவிட்டேன். இவ்வளவு சுருக்காக எனக்கு என்றைக்குமே அமைந்ததில்லை.

கெட்டுப்போன கண்ணால் இப்படி ஒரு வேலை பார்க்க முடியுமா? முடியாதுதானே?

ஆகஸ்ட் 28, வியாழன்

சர்க்கரை எப்போது பார்த்தீர்கள் என்று ஷர்மின் கேட்டாள். கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் டாங்கை ஒரு தட்டில் வைத்துக் கீழே கொண்டுவந்தேன். பெருமைதான், வேறென்ன. ஷர்மின் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குங்க, புதுசு மாதிரி" என்றாள். புதுசா? நான் பதினைந்து நாளாக உயிரைக் கொடுத்துப் பழசாக்கியிருக்கிறேன்! உனக்கு ரசனையே கிடையாது என்றேன்.

அக்கா கையை நீட்டினாள். "ஏலே, இங்கன கொண்டா. நானும் பாக்குறேன்."

"பாத்துக்கா, அழுத்தாத. ரெண்டு பக்கமும் சேறு அப்பிக் கெடக்கு, உதிர்ந்துரும்."

மடியில் வைத்து விரலால் மெதுவாகத் தடவினாள். பீரங்கி, கூண்டு, சக்கரம். பக்கத்தகட்டுக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"சேறு எங்கனடா இருக்கு?"

"இந்தா, இங்கன." அவள் விரலைப் பிடித்து அதன் மேலேயே வைத்தேன்.

"இங்கன ஒண்ணுமே இல்லியே. கழுவி வச்ச தட்டு மாதிரி வழுவழுன்னு இருக்கு. அந்தக் கோடியில நாலஞ்சு மணலு நெருடுது, அம்புட்டுத்தான்."

நான் தொட்டுப் பார்த்தேன். வழுவழு. கண்ணுக்கு முன்னால் சேறு இருக்கிறது, விரலுக்குக் கீழே இல்லை. வலது கண்ணை மூடினேன். கூண்டில் உரிந்த இடம் தவிர சுத்தமான பச்சை வண்டி, கடையிலிருந்து இப்போதுதான் பிரித்து எடுத்தது மாதிரி.

அக்கா டாங்கைத் தட்டில் வைத்துவிட்டு, "ஷர்மின், நீ சொல்லு ஆத்தா. சேறு இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா. நான் அப்பவே நெனச்சேன். திட்டுவாகன்னு சொல்லல."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "எந்தக் கண்ணு?"

"என்ன எந்தக் கண்ணு?"

"எங்கிட்ட நடிக்காதடா. இந்தக் கூத்த ஒனக்கு முன்னாடியே ஆடுனவ நான். இல்லாத கொசுவ விசிறி வச்சு வெரட்டுனேன். எந்தக் கண்ணு?"

"வலது" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. நாற்பத்தொன்பது வயதில், பெண்டாட்டி முன்னால், ஓவென்று அழுதுவிட்டேன். பயமா இருந்துச்சுக்கா, உன்ன மாதிரி ஆயிருவேனோன்னு பயமா இருந்துச்சு. இதை அவளிடமேவா சொல்வது! சொல்லிவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தடவித் தடவி என் சட்டைக் காலரைப் பிடித்தாள். "விடிஞ்சதும் மதுரைக்குப் போறோம். நானும் வாரேன். பாதி வழியில எறங்கி ஓடிருவ, ஒன்னயத் தெரியாதா எனக்கு?" காலரை ரொம்ப நேரம் விடவே இல்லை.

செப்டம்பர் 1, திங்கள். மதுரை

வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது. நான் பார்த்த புள்ளியும் நூலும் பழுப்பும் அதுதான். பின்னால் விழித்திரையும் இழுபட்டிருக்கிறதாம். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

இடது கண்ணைப் பார்க்கும்போது ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அதிலும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரு அறிகுறியும் தெரியவில்லை. "இது இன்னும் கசியல. இன்னிக்கே லேசர் தொடங்கிட்டா நிறுத்த வாய்ப்பு இருக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா ரெண்டையும் பத்தி இப்படித்தான் பேசிட்டிருப்போம்" என்றார்.

உள்ளே போவதற்கு முன்னால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னாள்: "ரொம்பப் பயமா இருந்தா கண்ண மூடிக்க. தொணைக்கு நானும் மூடிக்கிறேன்." அந்த வராண்டாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடிக்கும் முன் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 20, சனி

ஷர்மின் எழுதுகிறேன், அவர் சொல்லச் சொல்ல. வலது கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறதாம். விரலைக் காட்டினால் எத்தனை என்று தெரியவில்லையாம். பயமாக இருக்கிறது என்றும் எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். எனக்கும்தான்.

நவம்பர் 16, ஞாயிறு. கம்பம்

வலதில் வெளிச்சமும், யாராவது குறுக்கே போனால் ஒரு நிழலும். அதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். இடது கெடாமல் நிற்கிறது. போன வாரப் பரிசோதனையிலும் நிற்கிறது. காலையில் முழித்ததும் முதல் வேலையாக வலதைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் படிக்கிறேன். படித்து முடிக்கும்வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது இனி சாகும்வரை போகாது என்று நினைக்கிறேன்.

கடைக்குப் போகிறேன். நிறம் நான் சொல்கிறேன், கர்ணனும் ஒருமுறை பார்த்துவிடுகிறான்.

இன்று டாங்கை எடுத்தேன். உரிந்த இடத்துக்குப் பச்சை தொட்டுவிட்டு, மறுபடியும் மண் குழைத்தேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. முதல் சுண்டில் பாதிச் சேறு என் சட்டையில். அக்கா படியேறி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறாள், காவலுக்காம்.

திடீரென்று கேட்டாள். "ஏலே, எனக்கு முடி நரைச்சிருச்சா? ஷர்மினக் கேட்டா, லேசா ஒண்ணு ரெண்டு இருக்குக்காங்கிறா."

பிரஷைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அக்காவை நான் நேராகப் பார்த்ததே இல்லை. பார்க்கப் பயம். எனக்கு வரப்போகிறதுதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறது என்று இருக்கும். இன்று பார்த்தேன்.

"பூராவும் வெள்ளைக்கா."

"பூராவுமா?"

"பூராவும்."

முக்காட்டை இறக்கிவிட்டுத் தலையை என் பக்கம் சாய்த்தாள். "நல்லாப் பாத்துச் சொல்லுடா" என்றாள். வெளிச்சத்துக்குத் திருப்பி உட்காரவைத்து, வகிடு வகிடாகப் பிரித்து இடது கண்ணால் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒரே ஒரு முடி கருப்பாக இருந்தது. அதையும் சொன்னேன்.